ஒரே நிரல், வேறு வேகம், வேறு விடை

2018-இல் எம்ஐடியில் சார்லஸ் லைசர்சன் நடத்திய செயல்திறன் பொறியியல் பாடத்தின் முதல் வகுப்பு முழுக்க ஒரே கணக்கைச் சுற்றியது. 4,096-க்கு 4,096 அளவுள்ள இரண்டு அணிகளைப் பெருக்க வேண்டும். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று லூப்புகளைப் பைத்தானில் எழுதினால் சுமார் 21,000 வினாடி ஆகிறது, அதாவது ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அதையே சி மொழியில் எழுதினால் 1,156 வினாடி. லூப்புகளின் வரிசையை மட்டும் மாற்றினால் 178. கம்பைலருக்கு மேம்படுத்தல் ஃப்ளாக் கொடுத்தால் 55. வேலையைப் பல கோர்களுக்குப் பகிர்ந்தால் 3. அணிகளைத் துண்டுகளாக்கிக் கேஷ் நினைவகத்துக்குள் அடங்கும்படி பெருக்கினால் 1.3. வெக்டர் கட்டளைகளைக் கம்பைலரே உருவாக்கட்டும் என்று விட்டால் 0.70. அந்தக் கட்டளைகளைக் கையால் எழுதினால் 0.39. இன்டெலின் எம்கேஎல் லைப்ரரியை ஒரே வரியில் அழைத்தால் 0.41.

கம்பைலரைக் கேட்டுப் பெற்ற பங்கு, ஃப்ளாக், தானியங்கி வெக்டர் ஆக்கம் என்ற இரண்டு படிகளையும் சேர்த்தால், ஆறு மடங்கு. லைப்ரரியை அழைத்த அந்த ஒற்றை வரி, சியில் எழுதிய முதல் வடிவத்தைவிட ஏறத்தாழ 2,800 மடங்கு வேகம். மேம்படுத்தல் ஃப்ளாக்கை ஓ2 நிலையிலிருந்து ஓ3-க்கு உயர்த்தியபோது நேரம் 54.63 வினாடியிலிருந்து 55.58-ஆகக் கூடியது என்பதையும் அந்த வகுப்பு மாணவர்களுக்குக் காட்டியது.

ஆனால் அறிவியல் கணிப்பில் கால்வைக்கும் ஆய்வு மாணவருக்கு மூத்தவர்கள் சொல்லும் முதல் அறிவுரை பெரும்பாலும் ஒரே மூச்சில் வருகிறது: "இன்டெல் கம்பைலர் போடு, ஓ3 கொடு, எம்கேஎல் லிங்க் பண்ணு." மூன்றும் ஒரே வகைச் செயல் என்பதுபோல. இந்தப் பழக்கத்தின் நன்மை, தீமை இரண்டையும் எடைபோட வேண்டுமானால் முதலில் இந்த மூன்றையும் பிரித்தாக வேண்டும். லைப்ரரியை மாற்றும்போது, என்ன கணக்கு என்பது வெளிப்படையாக எழுதிவைத்த உடன்படிக்கையாக அப்படியே இருக்கிறது. அதைச் செய்து தருபவர் மட்டும் மாறுகிறார். கம்பைலரையும் அதன் ஃப்ளாக்குகளையும் மாற்றும்போது, நாம் எழுதிய கணக்குக்கே வேறு பொருள் கொள்ள இடம் கொடுக்கிறோம். முன்னதை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். பின்னதைச் சோதனை இல்லாமல் செய்வதை எதிர்ப்பேன்.

லைப்ரரியின் வலிமை எங்கிருந்து வருகிறது? 1979-இல் லாசன், ஹான்சன், கின்கெய்ட், க்ரோக் ஆகிய நால்வரும் பிளாஸ் என்ற துணைநிரல் தொகுதியை வெளியிட்டார்கள். வெக்டர்களைக் கூட்டுவது, பெருக்கித் தொகுப்பது போன்ற எளிய செயல்களுக்கு ஒரே பெயர், ஒரே அழைப்பு முறை என்று வகுத்ததுதான் அதன் சாதனை. 1988-இல் அணியும் வெக்டரும் பெருகும் இரண்டாம் நிலை வந்தது. 1990-இல் அணியும் அணியும் பெருகும் மூன்றாம் நிலை வந்தது. இந்த நிலைகளை வகுத்தவர்களுள் முதன்மையானவரான ஜாக் டொங்காராவுக்கு 2021-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது கிடைத்தது.

மூன்றாம் நிலைக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பதை ஒரு சிறு கணக்கே சொல்லிவிடும். தலா n எண்கள் கொண்ட இரண்டு வெக்டர்களைப் பெருக்கித் தொகுக்க 2n எண்களை நினைவகத்திலிருந்து கொண்டுவந்து ஏறக்குறைய 2n செயல்கள் செய்கிறோம். கொண்டுவந்த எண் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வேலை. அணிப்பெருக்கலில் 3n² எண்கள், 2n³ செயல்கள். n என்பது 4,096 என்றால் ஒவ்வோர் எண்ணுக்கும் 2,700-க்கு மேற்பட்ட செயல்கள் காத்திருக்கின்றன. இன்றைய ப்ராசஸரில் கணக்குப் போடுவது மலிவு, எண்ணை எடுத்துவருவதுதான் செலவு. சமையலுக்கு நடுவே கடுகு வேண்டுமென்றால் அஞ்சறைப்பெட்டிக்குக் கை போவதற்கும், பரணில் ஏறித் தேடுவதற்கும், கடைத்தெருவுக்கே ஆளனுப்புவதற்கும் உள்ள வேறுபாடுதான் ரெஜிஸ்டர், கேஷ், முதன்மை நினைவகம் மூன்றுக்கும் இடையில் உள்ளது. ஒருமுறை கொண்டுவந்த எண்ணைத் திருப்பி அனுப்பும் முன் எத்தனை முறை பயன்படுத்திக்கொள்ள முடியும் என்பதில்தான் லைப்ரரி எழுதுபவரின் திறமை முழுவதும் அடங்கியிருக்கிறது.

அந்தத் திறமையின் உச்சம் கசுஷிகே கோட்டோ. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் அவர் எழுதிய கோட்டோபிளாஸ், ப்ராசஸர் தயாரித்த நிறுவனங்களின் சொந்த லைப்ரரிகளோடு போட்டியிட்டது. மற்றவர்கள் அணித்துண்டை மிகச் சிறிய முதல்நிலைக் கேஷுக்குள் அடக்கப் பாடுபட்டபோது, அவர் அதைப் பெரிய இரண்டாம்நிலைக் கேஷில் வைத்தார். நினைவக முகவரிகளை மொழிபெயர்க்கும் சிறு அட்டவணை நிரம்பி வழிந்தால் ஏற்படும் தாமதத்தையும் கணக்கில் எடுத்தார். உள்மையக் கருவை அசெம்பிளியில் கையால் எழுதினார். 2008-இல் அவரும் ராபர்ட் வான் டி கைனும் சேர்ந்து இந்த முறையை ஒரு கட்டுரையாக விரிவாக வெளியிட்டார்கள். கோட்டோபிளாஸின் வளர்ச்சி நின்றபோது அதன் திறந்தமூல வடிவத்தை எடுத்துச் சீன அறிவியல் கழகத்தில் ஜாங் சியான்யி 2011-இல் ஓப்பன்பிளாஸைத் தொடங்கினார். இன்று பிப் வழியாகப் பைத்தானின் நம்பை தொகுப்பை நிறுவும் பெரும்பாலானோர் பெயர்கூடத் தெரியாமல் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். டெக்சாஸிலேயே பின்னர் உருவான பிளிஸ், புதிய ப்ராசஸர் வரும்போது திருத்தி எழுத வேண்டிய பகுதியை ஒரு சிறு கருவாகச் சுருக்கிக் காட்டியது. ஏஎம்டி தன் லைப்ரரிக்கு அதையே அடித்தளமாக எடுத்துக்கொண்டது.

கோட்டோ செய்ததை ஒரு கம்பைலர் செய்யுமா? மூன்று லூப்புகளைப் பார்க்கும் கம்பைலருக்கு அணியின் அளவு தெரியாது. அந்த எண்கள் நினைவகத்தில் எப்படிக் கிடக்கின்றன என்பதும், முகவரி அட்டவணை எப்போது நிரம்பும் என்பதும் தெரியாது. விதிப்படி கூட்டலின் வரிசையை மாற்றவும் அதற்கு உரிமை இல்லை. ஒரு மனிதர் ஆண்டுக்கணக்கில் ஒரே கணக்கின் மேல் உட்கார்ந்து சேர்த்த அறிவு அது. அந்த அறிவை ஒரு பொதுப் பெயருக்குப் பின்னால் வைத்து, யார் வேண்டுமானாலும் அழைக்கலாம் என்று விட்டிருப்பதை மென்பொருள் உலகின் பெரும் நன்கொடைகளில் ஒன்றாகவே நான் மதிக்கிறேன்.

ஃபூரியே உருமாற்றத்துக்கு எம்ஐடியின் மாட்டியோ ஃப்ரிகோவும் ஸ்டீவன் ஜான்சனும் 1997-இல் தந்த எஃப்எஃப்டிடபிள்யூ இன்னொரு வழியைக் காட்டியது. எந்த முறை வேகமானது என்று முன்கூட்டியே முடிவு செய்யாமல், ஓடும் கணினியிலேயே பல முறைகளைச் சோதித்துப் பார்த்துத் திட்டம் வகுக்கும் லைப்ரரி அது. ஆனால் அளக்க விட்டால்தான் அந்தப் பயன் கிடைக்கும். தொடக்கம் தாமதமாகிறதே என்று பலர் வெறும் மதிப்பீட்டு முறையில் ஓட்டிவிட்டு, எதிர்பார்த்த வேகம் வரவில்லை என்று குறை சொல்கிறார்கள். ஒரே அளவிலான உருமாற்றத்தை லட்சம் முறை செய்யப்போகிற நிரலுக்கு அந்தத் தொடக்கச் செலவு ஒரு பொருட்டே அல்ல.

இனி லைப்ரரி வழியின் குறைகளைப் பார்க்கலாம். முதல் குறை, அதன் புகழ் பெரும்பாலும் அணிப்பெருக்கலிலிருந்தே வருகிறது. உலகின் பெருங்கணினிகளை 1993 முதல் தரவரிசைப்படுத்தும் டாப்500 பட்டியல் அடர்த்தியான நேரியல் சமன்பாடுகளைத் தீர்க்கும் லின்பேக் சோதனையை நம்புகிறது. அது மூன்றாம் நிலை பிளாஸின் சொந்த ஊர். நிஜ அறிவியல் நிரல்கள் பலவற்றில் அணிகள் பெரும்பாலும் சுழியங்களால் நிறைந்தவை. அவற்றின் நடத்தையைக் காட்டுவதற்கென்று டொங்காராவே மைக்கேல் ஹெரோவுடன் சேர்ந்து எச்பிசிஜி என்ற மாற்றுச் சோதனையை உருவாக்கினார். ஜப்பானின் ஃபுகாகு கணினி 2020 நவம்பரில் லின்பேக்கில் 442 பெட்டாஃப்ளாப் எட்டியது. எச்பிசிஜியில் அதே கணினி எட்டியது 16. நான்கு விழுக்காடுகூட இல்லை, அப்படியும் அந்த வரிசையில் அதுதான் முதலிடம். வானிலை, பாய்ம இயக்கவியல், கட்டமைப்பு ஆய்வு என்று பெரும்பகுதி நிரல்கள் வாழும் இடம் இந்த நான்கு விழுக்காட்டுப் பக்கம்தான். அங்கே எந்த லைப்ரரியை இணைத்தாலும் நினைவகத்தின் வேகமே எல்லை.

ஒரு நிரல் தன் நேரத்தில் 30 விழுக்காட்டை மட்டும் பிளாஸில் செலவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பகுதியை நொடிப்பொழுதும் ஆகாதபடி சுருக்கிவிட்டாலும் மொத்த நிரல் 1.43 மடங்குக்கு மேல் வேகமடையாது. இதை அறிய பெர்ஃப் போன்ற அளவீட்டுக் கருவியை ஒரு பிற்பகல் ஓட்டினால் போதும். எம்கேஎல்லா ஓப்பன்பிளாஸா என்று வாரக்கணக்கில் விவாதிப்பவர்களில் எத்தனை பேர் அந்தப் பிற்பகலைச் செலவிட்டிருக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. மூலக்கூறுகளின் அசைவைக் கணிக்கும் க்ரோமாக்ஸ் நிரலை எழுதியவர்கள் அளந்து பார்த்தே முடிவெடுத்தார்கள். அவர்களின் நேரம் போவது துகள்களுக்கிடையிலான விசைக் கணக்கில். அதற்குப் பொருத்தமான பொது லைப்ரரி இல்லை, கம்பைலரின் தானியங்கி வெக்டர் ஆக்கமும் போதவில்லை. ஆகவே வெக்டர் கட்டளைகளுக்கெனத் தங்கள் சொந்த அடுக்கை எழுதிக்கொண்டார்கள். எந்தக் கம்பைலர் என்ற கேள்வியின் முக்கியத்துவமே அதனால் அங்கே பெரிதும் குறைந்துபோனது.

இரண்டாவது குறை த்ரெட்டுகள். பதினாறு கோர் கணினியில் ஒருவர் தன் நிரலைப் பதினாறு பிராசஸ்களாக ஓட்டுகிறார். ஒவ்வொரு பிராசஸுக்குள்ளும் பிளாஸ் லைப்ரரி தன் பங்குக்குப் பதினாறு த்ரெட்டுகளைத் திறக்கிறது. 256 த்ரெட்டுகள் பதினாறு கோர்களுக்கு முட்டிமோதுகின்றன. வேகமான லைப்ரரியை இணைத்த பின் நிரல் மெதுவாகிவிட்டது என்ற முறையீடுகளில் கணிசமானவை இந்த வகை. சூழல் மாறி ஒன்றில் 1 என்று எழுதினால் தீரும் சிக்கல்தான், ஆனால் லைப்ரரி தானாக அதைச் சொல்வதில்லை.

மூன்றாவது குறைதான் நெஞ்சை உறுத்துவது: லைப்ரரியையும் கம்பைலரையும் தருபவரே ப்ராசஸரையும் விற்பவராக இருப்பது. இன்டெல் கம்பைலர் உருவாக்கும் நிரலும் இன்டெல் லைப்ரரிகளும் ஓடத் தொடங்கும்போது ப்ராசஸரைச் சோதித்து, எந்த வகைக் கட்டளைகளை ஓட்டலாம் என்று முடிவு செய்கின்றன. அந்தச் சோதனை ப்ராசஸரின் திறனை மட்டும் கேட்கவில்லை, தயாரித்தவரின் பெயரையும் கேட்டது. வேறு நிறுவனத்தின் ப்ராசஸர் என்றால், அதே வெக்டர் கட்டளைகளை அது அறிந்திருந்தாலும், மெதுவான பாதைக்கு அனுப்பியது. டென்மார்க்கின் ஆக்னர் ஃபாக் இதை ஆண்டுக்கணக்கில் ஆவணப்படுத்தினார். 2009 நவம்பரில் இன்டெலும் ஏஎம்டியும் 125 கோடி டாலரில் தங்கள் வழக்குகளை முடித்துக்கொண்டன. 2010-இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையத்தோடு ஏற்பட்ட தீர்வின்படி, மற்ற நிறுவன ப்ராசஸர்களில் இதே அளவு மேம்படுத்தல் கிடைக்காமல் போகலாம் என்று இன்டெல் தன் ஆவணங்களில் அறிவிக்க வேண்டியதாயிற்று.

அறிவித்தார்கள், ஆனால் பழக்கம் நின்றுவிடவில்லை. 2019-இன் பிற்பகுதியில் ஏஎம்டியின் புதிய ப்ராசஸர்களை வாங்கியவர்கள், எம்கேஎல்லின் ஆவணப்படுத்தாத சூழல் மாறி ஒன்றில் 5 என்று எழுதினால் மேட்லாப்பும் நம்பையும் சட்டென்று வேகமெடுப்பதைக் கண்டார்கள். வன்பொருளில் திறன் இருந்தது, லைப்ரரிதான் கதவைத் திறக்கவில்லை. அடுத்து வந்த எம்கேஎல் 2020-இன் முதல் திருத்தப் பதிப்பில் அந்த மாறி நீக்கப்பட்டது. பின்னர் சில செயல்களுக்கு ஏஎம்டி ப்ராசஸருக்கான கருக்கள் எம்கேஎல்லிலேயே இடம்பெற்றன என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இருந்தாலும் பொதுப்பணத்தில் நடக்கும் ஆய்வின் வேகம் ஒரு நிறுவனத்தின் வணிக முடிவில் தொங்கக்கூடாது. எம்கேஎல் விலையின்றிக் கிடைக்கிறது என்பது இதற்குச் சமாதானம் ஆகாது.

இந்த நோய்க்கு மருந்து பிளாஸின் பொது இடைமுகத்துக்குள்ளேயே இருப்பதுதான் ஆறுதல். மேக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் உருவான ஃப்ளெக்ஸிபிளாஸ், நிரலை மீண்டும் கம்பைல் செய்யாமலேயே பின்னணி லைப்ரரியை மாற்றித் தருகிறது. 2020-இல் ஃபெடோரா 33 அதையே தன் இயல்பு ஏற்பாடாக ஆக்கிக்கொண்டது. ஜூலியா மொழி 1.7 முதல் இதே வேலைக்கு ஒரு சிறு இடைத்தட்டைச் சேர்த்தது. பயனர் காலையில் ஓப்பன்பிளாஸிலும் மாலையில் எம்கேஎல்லிலும் தன் நிரலை ஓட்டி, நேரத்தையும் விடையையும் ஒப்பிடலாம். லைப்ரரி தவறு செய்தாலும் இந்த வழி உதவும். ஆப்பிளின் அக்சலரேட் லைப்ரரி தவறான விடைகளைத் தந்ததால் நம்பை 1.20 பதிப்பு 2021-இல் அதைக் கைவிட்டது. மேக்ஓஎஸ் 13.3-இல் ஆப்பிள் அதைப் புதுப்பித்த பிறகு நம்பை மீண்டும் ஏற்றுக்கொண்டது. இடைமுகம் பொதுவாக இருந்ததால் வெளியே அனுப்பவும் முடிந்தது, திரும்ப அழைக்கவும் முடிந்தது.

இடைமுகம் என்ற இந்த உடன்படிக்கையிலும் ஓட்டைகள் உண்டு. கலப்பெண்ணைத் திருப்பித்தரும் ஃபோர்ட்ரான் சார்புகளை இன்டெல் கம்பைலர் ஒருவிதமாகவும் ஜிஃபோர்ட்ரான் வேறுவிதமாகவும் கையாளுகின்றன. பொருந்தாத எம்கேஎல் அடுக்கோடு இணைத்தால் மெய்யெண் கணக்குகள் எல்லாம் சரியாக ஓடி, கலப்பெண் பெருக்கத்தில் நிரல் விழுந்துவிடும். 2019-இல் ஆர் மொழியை வளர்ப்பவர்கள் இன்னும் ஆழமான ஒன்றைச் சந்தித்தார்கள். ஃபோர்ட்ரானில் எழுத்துச்சரத்தின் நீளம் கண்ணுக்குத் தெரியாத கூடுதல் உள்ளீடாகச் செல்ல வேண்டும். சியிலிருந்து நேரியல் இயற்கணித லைப்ரரியான லேபேக்கை அழைத்த எண்ணற்ற நிரல்கள் பல பத்தாண்டுகளாக அதை அனுப்பாமலேயே தப்பித்திருந்தன. ஜிஃபோர்ட்ரானின் புதிய மேம்படுத்தல் ஒன்று வந்ததும் அந்த அலட்சியம் நினைவகச் சிதைவாக வெளிப்பட்டது.

இப்போது கம்பைலர் பக்கம். இன்டெல் கம்பைலர் திறந்தமூலக் கம்பைலரான ஜிசிசியைவிட வேகமானது என்ற பெயர் நீண்டகாலம் நிலைத்தது. அதில் உண்மை உண்டு. அதன் வெக்டர் ஆக்கம் பல ஆண்டுகள் முன்னணியில் இருந்தது. ஆனால் அந்தப் பெயரின் ஒரு பகுதி சமமில்லாத ஒப்பீட்டிலிருந்து வந்தது. இன்டெல் கம்பைலர் ஓ2-விலேயே லூப்புகளை வெக்டர் ஆக்கியது. ஜிசிசி அதை ஓ2-வில் செய்யத் தொடங்கியது 2022-இல் வந்த 12-ஆம் பதிப்பில்தான், அதுவும் மிகுந்த தயக்கத்தோடு. அதைவிட முக்கியமானது, இன்டெல் கம்பைலர் இயல்பிலேயே மிதவைப்புள்ளிக் கணக்கின் விதிகளைத் தளர்த்திக்கொள்ளும். ஜிசிசி நீங்கள் கேட்டால் மட்டுமே கூட்டலின் வரிசையைக் கலைக்கும். ஒருவர் விதிப்படி ஓட, மற்றவர் குறுக்கே ஓட, நேரத்தை மட்டும் பார்த்து வென்றவரை அறிவித்தோம்.

விதி என்ன? கணினியின் இரட்டைத் துல்லிய எண்ணில் 10¹⁶-உடன் 1-ஐக் கூட்டிப் பிறகு 10¹⁶-ஐக் கழித்தால் 0 வரும். முதலில் கழித்துப் பிறகு 1-ஐக் கூட்டினால் 1 வரும். பள்ளியில் படித்த சேர்ப்பு விதி இங்கே செல்லாது. கூட்டலை நான்காகவோ எட்டாகவோ பிரித்து வெக்டர் கட்டளையால் செய்ய வேண்டுமானால் வரிசை மாறியே தீரும். அதற்கு அனுமதி தருவதுதான் ஃபாஸ்ட்-மேத் ஃப்ளாக். லைசர்சன் வகுப்பில் 1.3 வினாடி 0.70 ஆனதும் இந்த அனுமதி கொடுத்த பிறகே.

லைப்ரரியும் வரிசையை மாற்றத்தானே செய்கிறது என்று கேட்கலாம். மாற்றுகிறது. எம்கேஎல்லில் த்ரெட்டுகளின் எண்ணிக்கை மாறினாலே கடைசி இலக்கங்கள் மாறலாம், அதைக் கட்டுப்படுத்தத் தனி ஏற்பாடே தந்திருக்கிறார்கள். ஆனால் அங்கே மாற்றம் பெயர் சொல்லி அழைத்த ஒரு கணக்குக்குள் அடங்குகிறது. அணிப்பெருக்கலின் பிழை எவ்வளவுக்குள் இருக்கும் என்பதற்கு நிறுவப்பட்ட எல்லைகள் உண்டு. ஃபாஸ்ட்-மேத்தின் அனுமதி நிரல் முழுக்கப் பாய்கிறது. பிழையைத் திருத்துவதற்காகவே எழுதிய வரிகளையும் அது விட்டுவைப்பதில்லை. வில்லியம் காஹனின் கூட்டல் முறையில், ஒவ்வொரு கூட்டலிலும் இழந்த சிறு பகுதியை ஒரு மாறியில் சேமித்து அடுத்த கூட்டலில் ஈடுசெய்வார்கள். இயற்கணிதப்படி அந்த மாறி எப்போதும் சுழியம். ஃபாஸ்ட்-மேத் கொடுத்த கம்பைலர் அதைச் சரியாகவே கண்டுபிடித்து, வரியையே அழித்துவிடும்.

எண் அல்லாததைக் குறிக்கும் நேன் என்ற குறியீட்டின் கதையும் அதுதான். நேன் வரவே வராது என்று கொள்ள ஃபாஸ்ட்-மேத் அனுமதிக்கிறது. ஆகவே நேனா என்று கேட்கும் சோதனைகளுக்கு எப்போதும் இல்லை என்றே விடை வரலாம். செயற்கைக்கோள் தரவில் விடுபட்ட இடங்களை நேன் கொண்டு நிரப்புவது வழக்கம். ஆர் மொழியில் விடுபட்ட மதிப்பைக் குறிக்கும் என்ஏ என்பதே உள்ளுக்குள் 1954 என்ற எண்ணைச் சுமந்த ஒரு நேன்தான். இப்படிப்பட்ட நிரலில் இந்த ஃப்ளாக்கைப் போட்டால் விடுபட்ட மதிப்புகள் சோதனையில் பிடிபடாமல் கணக்குக்குள் நுழைந்துவிடும், எச்சரிக்கை எதுவும் வராது.

இதன் பாதிப்பு, ஃப்ளாக்கைப் போட்டவரோடு நிற்பதும் இல்லை. ஜிசிசி நெடுங்காலம் இந்த ஃப்ளாக்கோடு உருவான பகிர்வு லைப்ரரிகளுக்குள் ஒரு தொடக்க நிரலைச் சேர்த்துவந்தது. அந்த லைப்ரரி ஏற்றப்பட்ட கணத்தில், சுழியத்துக்கு மிக அருகிலுள்ள நுண்ணெண்களை எல்லாம் சுழியமாக்கும்படி ப்ராசஸரின் நிலை மாறிவிடும். கணிதத்தோடு தொடர்பே இல்லாத சில பைத்தான் தொகுப்புகளை இம்போர்ட் செய்தாலே வேறு யாரோ எழுதிய கணக்கின் விடை மாறக்கூடும் என்பது 2022-இல் வெளிச்சத்துக்கு வந்தது. 2023-இல் ஜிசிசி 13 இதைத் திருத்தியது.

ஃபாஸ்ட்-மேத்தைத் தொடாதவர்களும் முழுக்கப் பாதுகாப்பானவர்கள் அல்லர். ஓடும் கணினிக்கேற்பக் கட்டளைகளைத் தேர்ந்தெடு என்று ஜிசிசிக்குச் சொன்னால், பெருக்கலையும் கூட்டலையும் ஒரே கட்டளையில் செய்யும் எஃப்எம்ஏவை அது பயன்படுத்தத் தொடங்கும். இரண்டு முறை முழுமையாக்குவதற்குப் பதில் ஒரே முறை என்பதால் ஒவ்வொரு தனிச்செயலும் துல்லியமாகவே இருக்கும். ஆனால் x-உம் y-உம் சமமாக இருக்கும்போது x²−y² சரியாகச் சுழியமாக வராமல், மிகச் சிறிய குறை எண்ணாக வரலாம். அதற்கு வர்க்கமூலம் எடுத்தால் நேன். அமெரிக்காவின் தேசிய வளிமண்டல ஆய்வு மையம் தன் புவியமைப்பு மாதிரிக்கு ஒரு சோதனை வைத்திருக்கிறது. தொடக்க வெப்பநிலையில் 10⁻¹⁴ அளவில் சிறு மாற்றங்கள் செய்து பலமுறை ஓட்டி, விடைகளின் இயல்பான பரவலைக் கணக்கிடுகிறார்கள். புதிய கணினியோ கம்பைலரோ வந்தால் அதன் விடை அந்தப் பரவலுக்குள் விழ வேண்டும். ஆர்கான் ஆய்வகத்தின் மைரா கணினி தந்த விடைகள் அதில் தேறவில்லை. தேடிப் பார்த்தபோது எஃப்எம்ஏ கட்டளைகள் அதன் காரணமாகத் தெரிந்தன. கம்பைலரை மாற்றுவதற்கு இப்படி ஒரு நுழைவுத் தேர்வு வைத்திருக்கும் குழுக்கள் மிகக் குறைவு. என் மதிப்பீட்டில், இந்தத் துறை கற்றுக்கொள்ள வேண்டிய மிகச் சிறந்த நடைமுறை அதுதான்.

அகன்ற வெக்டர் என்றால் கூடுதல் வேகம் என்ற நம்பிக்கையும் எப்போதும் சரியல்ல. இன்டெலின் ஸியான் கோல்டு 6148 ப்ராசஸரின் அடிப்படை வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ். 512 பிட் வெக்டர் கட்டளைகள் மிகுந்த நிரலில் அது 1.6-ஆக இறங்கும். அந்தக் கட்டளைகள் இடையிடையே மட்டும் வரும் நிரலில் கிடைப்பதைவிட இழப்பது கூடிவிடலாம். ஜிசிசியே அந்தக் குடும்பத்து ப்ராசஸர்களுக்கு 256 பிட் அகலத்தையே விரும்பித் தேர்ந்தெடுக்கிறது.

பிறர் வெளியிட்ட வேக எண்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாமே என்றால், அதிலும் கவனம் வேண்டும். ஸ்பெக் அமைப்பின் முதல் தொகுதியான 1989-இன் சோதனைகளில் மேட்ரிக்ஸ்300 என்ற அணிப்பெருக்கல் நிரல் இருந்தது. அதன் லூப்புகளைக் கண்டு துண்டாக்கும் வித்தையைக் கம்பைலர்கள் கற்றதும் எண்கள் பன்மடங்கு உயர்ந்தன, அடுத்த தொகுதியில் அந்தச் சோதனையே நீக்கப்பட்டது. 2024-இல் ஸ்பெக் 2,600-க்கும் மேற்பட்ட முடிவுகளின் மேல் செல்லாது என்ற குறிப்பைப் பதித்தது. இன்டெல் கம்பைலரின் சில பதிப்புகள் ஒரு குறிப்பிட்ட சோதனை நிரலை முன்கூட்டியே அறிந்து அதற்கென்றே மேம்படுத்தியிருந்தன என்பது காரணம். இடையில் முப்பத்தைந்து ஆண்டுகள் கடந்திருந்தன.

ஆகவே என் பரிந்துரையில் வரிசை முக்கியம். அளந்து பார்த்து, நேரம் அணிக்கணக்கிலோ ஃபூரியேயிலோ போகிறது என்றால் லைப்ரரியை மாற்றுங்கள், ஒன்றுக்கு மேற்பட்டதைச் சோதியுங்கள். நேரம் உங்கள் சொந்த லூப்பில் போகிறது என்றால் ஃப்ளாக்கைத் தேடும் முன் லூப்பின் வரிசையையும் தரவின் அமைப்பையும் பாருங்கள். அந்த வகுப்பில் லூப்பின் வரிசை தந்த ஆறரை மடங்கு, எந்த மேம்படுத்தல் ஃப்ளாக்கும் தந்ததைவிடப் பெரிது. ஃபாஸ்ட்-மேத் வேண்டுமென்றால் அதை எந்தக் கோப்புக்குத் தேவையோ அந்தக் கோப்புக்கு மட்டும் கொடுங்கள். ஆய்வுக் கட்டுரை எழுதும்போது கம்பைலரின் பதிப்பு, ஃப்ளாக்குகள், லைப்ரரியின் பெயர் ஆகியவற்றை ஒரு வரியில் அச்சிடுங்கள். வேதியியல் ஆய்வாளர் கரைப்பானின் தூய்மையைக் குறிப்பிடுவதை யாரும் மிகை என்று சொல்வதில்லை.

கம்பைலரைத் தேர்ந்தெடுக்கும் களமே இப்போது வேகமாகச் சுருங்கிவருகிறது. இலினாய் பல்கலைக்கழகத்தில் 2000-இல் கிறிஸ் லாட்னரும் விக்ரம் ஆத்வேயும் தொடங்கிய எல்எல்விஎம், இன்டெல், ஏஎம்டி, ஆர்ம், க்ரே என்று பலரின் சி கம்பைலர்களுக்கு அடித்தளமாகிவிட்டது. இன்டெல் தன் பழைய சி கம்பைலரை 2024 வெளியீட்டிலும், பழைய ஃபோர்ட்ரான் கம்பைலரான ஐஃபோர்ட்டை 2025 வெளியீட்டிலும் நீக்கிவிட்டது. பல ஆண்டுகளாக ஐஃபோர்ட்டை நம்பி மேக்ஃபைல் எழுதியிருந்த குழுக்கள் இப்போது எல்எல்விஎம் வழிவந்த ஐஎஃப்எக்ஸுக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. பழைய விடைகளையும் அவை இயல்பாக எவ்வளவு ஊசலாடும் என்ற அளவையும் சேமித்து வைத்திருந்த குழுவுக்கு இந்த மாற்றம் சில வார வேலை. சேமிக்காத குழுவின் கையில் இரண்டு விடைகள் இருக்கின்றன, எது தன் மாதிரியின் விடை என்று சொல்ல அதனிடம் எந்த அளவுகோலும் இல்லை.